உயிர் பிழைத்தவர் பிழைப்புக்கு வழி என்ன?

2021ஆம் ஆண்டு மே மாதத்தை இலுப்பூர் வட்டாரத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொரோனாவின் இரண்டாவது அலை தமிழ்நாடெங்கும் அடித்த மாதம் அது. மே 21ந் தேதி ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் நோய் கண்டது. படுக்கை தேடி ஓடியவர்கள், ஆக்ஸிஜன் தேடி அலைந்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்தவர்கள் எத்தனை எத்தனை பேர்!

தினமும் மாலையில் சர்க்கார் ஒரு கணக்கை வெளியிட்டது. புதிதாக நோய் கண்டவர் இத்தனை பேர். மாண்டவர் இத்தனை பேர். குணமாகி வீடு திரும்பியவர் இத்தனை பேர். தமிழ்நாட்டில் மொத்தம் 36 லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது. 38,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மற்றவர்களெல்லாம் "குணமானவர்" என்ற பத்தியில் எழுதப்பட்டார்கள். அத்தோடு கணக்குப் புத்தகம் மூடப்பட்டது.

அந்தப் பத்தியைப் பற்றித்தான் நாம் இன்று பேச விரும்புகிறோம். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வேலைக்குப் போனவரும் அந்தப் பத்தியில்தான் இருக்கிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது நாள், முப்பது நாள் தொண்டையில் குழாயோடு கிடந்து, ஸ்டிரெச்சரில் வீடு வந்து சேர்ந்தவரும் அதே பத்தியில்தான் இருக்கிறார். சர்க்கார் கணக்கில் இருவரும் ஒன்று. ஆனால் இரண்டாமவர் மறுபடி மண்வெட்டி பிடித்தாரா? மில் வாசலை மிதித்தாரா? அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா? இதைக் கேட்க எந்த இலாகாவும் வரவில்லை.

உயிரைக் காத்த சிகிச்சை உடம்பில் விட்டுச் சென்றது

டாக்டர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. உறக்கமின்றி, கவச உடைக்குள் வெந்து, அரசு ஆஸ்பத்திரிகளின் டாக்டர்களும் நர்சுகளும் சுகாதாரத் தொழிலாளரும் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் அந்தச் சிகிச்சை எப்படிப்பட்டது என்பதைத் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் "ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு மாசமாச்சு, இன்னும் சும்மா படுத்துக் கிடக்கிறான்" என்று ஊரார் பேசும் பேச்சு நிற்கும்.

நுரையீரல் நோயால் நிரம்பி மூச்சு முட்டும்போது, மயக்க மருந்து கொடுத்துத் தொண்டை வழியாகக் குழாயைச் செலுத்தி, செயற்கைச் சுவாசக் கருவியால் காற்றை உள்ளே தள்ளுகிறார்கள். நோயாளி அசையாமல் கிடக்கிறார். சில சமயம் தசையை அசைவறச் செய்யும் மருந்தும் கொடுக்கிறார்கள். அசையாத உடம்பு கரையும். கடுமையான நோயில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் கிடந்தால் தொடைத் தசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது என்று லண்டனில் அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். உழைத்து உழைத்து உரம் ஏறிய கால், பத்தே நாளில் குச்சியாகிறது. நரம்புகளும் தளர்கின்றன. கையை உயர்த்தித் தலை சீவ முடியாது. கக்கூசில் குந்தினால் எழுந்திருக்க முடியாது.

நுரையீரல் ஆறும்போது சிலருக்குத் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடத்தில் காற்று சரியாகப் புகாது. குழாய் கிடந்த தொண்டையில் குரல் கம்மிவிடும். கஞ்சி குடித்தாலும் புரையேறும். ஸ்டீராய்டு மருந்து உயிரைக் காக்கிறது. அதே மருந்து சர்க்கரையை ஏற்றுகிறது. பெருமளவில் கொடுக்கப்பட்ட சிலருக்கு தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் செத்து, நடக்கவே முடியாமல் போகிறது. 2003ல் சார்ஸ் நோயிலிருந்து பிழைத்தவர்களிடமே இது கண்டறியப்பட்டது. 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோய் பரவியதும் நினைவிருக்கும். சர்க்கரை கூடியவர்களையும் ஸ்டீராய்டு பெற்றவர்களையும் அது அதிகம் பிடித்தது. கண்ணையும் மேல்தாடையையும் எடுத்துத்தான் பலர் உயிரைக் காக்க வேண்டியிருந்தது.

உடம்போடு இது முடிவதில்லை. மயக்கத்தில் கண்ட பயங்கரக் கனவுகள் வீட்டுக்கும் துரத்தி வருகின்றன. தூக்கம் இல்லை. பேச்சின் நடுவே வார்த்தை மறக்கிறது. கொடுத்த பணத்துக்கு மீதி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க முடியவில்லை. உடல் தளர்ச்சி, நினைவுத் தளர்ச்சி, மனத் தளர்ச்சி ஆகிய மூன்றையும் சேர்த்து "தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த் தொகுப்பு" என்று அமெரிக்காவில் 2010ல் கூடிய நிபுணர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். ஆகவே இது சோம்பலும் அல்ல, சாக்கும் அல்ல. வைத்திய சாஸ்திரம் பெயர் சூட்டி அங்கீகரித்த நோய்.

கொரோனாவுக்கு முன்பே உலகம் இதை அறியும். கானடாவில் மூச்சுத் திணறலின் கடுமையான வகையிலிருந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2003ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஓராண்டு கழிந்த பிறகும் அவர்களில் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். மருத்துவ வசதி மிகுந்த நாட்டில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் அடங்கிய கூட்டத்தில் நிலைமை இது. வெயிலில் குனிந்து களை வெட்டுகிறவளுக்கு, கல் உடைக்கிறவனுக்கு, தைல மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிறவனுக்கு, பஞ்சுத் தூசு பறக்கும் மில்லில் எட்டு மணி நேரம் மெஷினைச் சுற்றி நடக்கிறவளுக்கு நிலைமை எப்படி இருக்கும்? கூலிக்காரனுக்கு முதலீடு அவன் மூச்சும் தசையும்தான். இந்த நோய் அந்த முதலீட்டையே தின்றுவிடுகிறது.

இளம்பிள்ளை வாதம் கற்றுத் தந்த பாடம்

தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே ஒரு வைரஸ் நோயில் பிறந்தது. 1952ல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிட்டு, கையால் பையை அமுக்கிக் காற்றுச் செலுத்தும் முறையை டாக்டர் இப்சன் கொண்டுவந்தார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் படுக்கை அருகே உட்கார்ந்து கையாலேயே மூச்சு கொடுத்தார்கள். அந்தக் கூட்டு உழைப்பிலிருந்து எழுந்ததுதான் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு.

பிழைத்தவர்களில் பலர் ஊனத்தோடு பிழைத்தார்கள். நம் கிராமங்களிலும் இளம்பிள்ளை வாதம் கண்டவர்களை நாம் அறிவோம். சொட்டு மருந்தின் பலனாக இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாகப் பரவும் வைரஸால் அந்த நோய் யாருக்கும் காணவில்லை. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுடைய சூம்பிய கால் கண்ணுக்குத் தெரியும். ஆகவே சலுகை அட்டை, காலுக்கு உபகரணம், மூன்று சக்கர வண்டி என்று போராடியாவது கொஞ்சம் பெற முடிந்தது. தழும்பு விழுந்த நுரையீரல் கண்ணுக்குத் தெரியாது. சட்டை போட்டு நின்றால் முழு ஆள். பத்தடி நடந்தால்தான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத ஊனத்தைச் சட்டம் பார்க்கிறதா? ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016ல் நிறைவேறியது. முன்பிருந்த ஏழு வகை ஊனங்களை அது 21 வகையாக விரித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த 21 வகைகளில் நுரையீரல் கெட்டு மூச்சு வாங்க முடியாமல் போவது இல்லை. வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கட்டுண்டு கிடந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒருவர் அந்தச் சட்டப்படி ஊனமுற்றவர் ஆகமாட்டார். கருப்புப் பூஞ்சையில் ஒரு கண்ணை இழந்தவர் கதை என்ன? மற்றொரு கண் நன்றாக இருந்தால் அவருடைய ஊனம் 30 சதம் என்று விதி சொல்கிறது. முக்கியமான சலுகைகளுக்கு 40 சதம் வேண்டும். கண்ணும் போயிற்று, சலுகையும் இல்லை!

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில்கூட, கொரோனாவின் நீடித்த பாதிப்பு ஒருவருடைய அன்றாட வாழ்க்கையை வெகுவாக முடக்கினால், அதை ஊனமாகக் கருத வேண்டும் என்று 2021 ஜூலையில் சர்க்கார் அறிவித்தது. இங்கிலாந்தில் தீவிர சிகிச்சையிலிருந்து வெளிவருகிறவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை எப்படித் தரவேண்டும் என்று 2009லேயே நெறிமுறை வகுத்துவிட்டார்கள். நம் நாட்டில் மட்டும் "குணமானவர்" என்று எழுதிக் கதவைச் சாத்துவது எந்த நியாயம்?

மாண்டால் 50,000, மிஞ்சினால் ஒன்றுமில்லை

2020 மார்ச் 14ந் தேதி மத்திய சர்க்கார் கொரோனாவைப் பேரிடர் என்று அறிவித்தது. பேரிடரில் மாண்டவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் என்பது அன்றிருந்த விதி. கொரோனாவுக்கு அவ்வளவு தர முடியாது என்று 2021ல் சுப்ரீம் கோர்ட்டில் மத்திய சர்க்கார் கைவிரித்தது. ஏதாவது நிவாரணம் நிர்ணயித்தே ஆகவேண்டும் என்று ஜூன் 30ந் தேதி கோர்ட் உத்தரவிட்ட பிறகுதான் 50,000 ரூபாய் என்று முடிவாயிற்று.

இங்கே தொழிலாளிகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புயலிலோ வெள்ளத்திலோ கையை, காலை, கண்ணை இழந்தவருக்கு ஊனத்தின் அளவுப்படி நிவாரணம் என்று அதே பேரிடர் நிதியின் விதிகள் சொல்கின்றன. பேரிடரால் ஊனம் நேரும், அதற்கும் நஷ்ட ஈடு தரவேண்டும் என்பது சர்க்கார் ஒப்புக்கொண்ட கொள்கை. கொரோனா விஷயத்தில் மட்டும் 50,000 ரூபாய் மாண்டவர் குடும்பத்துக்கே. உயிரோடு வீடு வந்து உழைக்க முடியாமல் கிடக்கிறவருக்கு அந்த உத்தரவில் ஒரு காசும் இல்லை.

அவர் வீட்டின் வரவு செலவைப் பார்ப்போம். தனியார் ஆஸ்பத்திரிகள் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2020 ஜூனில் ராஜ்ய சர்க்கார் உச்சவரம்பு கட்டியது. அந்த வரம்புப்படியே இருபது நாளைக்கு மூன்று லட்சம்! காப்பீட்டு அட்டை கைகொடுக்காத குடும்பம் நகையை அடகு வைத்தது, நிலத்தை எழுதிக் கொடுத்தது, வட்டிக்கு வாங்கியது. சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டார். அவரைத் தூக்கி உட்கார வைத்துச் சோறூட்ட மனைவியும் வேலையை விட்டாள். ஆக ஒரு நோய்க்கு இரண்டு கூலி போயிற்று. குழுக் கடன்காரர் வாரம் தவறாமல் வாசலில் நிற்கிறார். படிக்கிற பெண் பள்ளியை விட்டு மில்லுக்குப் போகிறாள். நோயின் கடைசிப் பில்லைக் கட்டுவது அந்தப் பெண்தான்.

மில் தொழிலாளிக்காவது இ.எஸ்.ஐ. என்று ஒன்று உண்டு. சந்தா முறையாகக் கட்டப்பட்டிருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதம் கிடைக்கும். பட்டியலில் உள்ள நெடுநாள் நோயாக இருந்தால், தகுதி உள்ளவருக்கு இரண்டு வருஷம் வரை 80 சதம் கிடைக்க வழி உண்டு. இந்த இரண்டாவது உரிமை எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? ஒப்பந்தக் கூலியாக வைத்துக்கொண்டு, சந்தாவே கட்டாமல் ஏமாற்றும் முதலாளிகள் எத்தனை பேர்? விவசாயக் கூலிக்கோ அதுவும் கிடையாது. அவருக்கு 2011ல் கொண்டுவரப்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டம்தான் கதி. கொடிய நோயால் தற்காலிகமாக உழைக்க முடியாமல் போனவருக்கு மாத உதவி என்ற ஏற்பாடு அந்தத் திட்டத்தில் வைக்கப்பட்டது. தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவருக்கும் அது உண்டு என்று சர்க்கார் தெளிவாக உத்தரவிடட்டும்.

மருந்து ஊருக்கு வரவேண்டும்

இந்த நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி, கைகால் தசைக்குப் பயிற்சி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டும் நடை, முட்டையும் பருப்பும் கடலையும் சேர்ந்த சத்துள்ள சாப்பாடு, அச்சத்தைப் போக்கும் ஆறுதல் வார்த்தை ஆகியவைதான் சிகிச்சை. அதிக விலையுள்ள யந்திரம் வேண்டாம். பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் வேண்டும். மாதக்கணக்கில் விடாமல் கவனிக்க ஆள் வேண்டும். வேலை செய்த மறுநாள் உடம்பு முழுதாகச் சாய்ந்துவிடுகிறவரை வற்புறுத்தி வேலை வாங்கக்கூடாது. அவருக்கு ஓய்வையும் உழைப்பையும் அளந்து தரவேண்டும்.

சென்னையின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் 2020லேயே கொரோனாவுக்குப் பிந்தைய சிகிச்சைப் பிரிவுகளைத் திறந்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் பத்தடி நடந்தால் மூச்சிரைக்கிறவர் இலுப்பூரிலிருந்து சென்னைக்கு எப்படிப் போவார்? அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் ஒரு நாள் போகும்; துணைக்கு வருகிறவர் கூலி போகும்; பஸ்சில் நிற்க முடியாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கவேண்டும். வாரம் இரண்டு முறை இப்படிப் போய் வர எந்தக் கூலிக் குடும்பத்தால் முடியும்? இரண்டு முறை போவார். மூன்றாம் முறை நின்றுவிடுவார்.

2021 ஆகஸ்ட் 5ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் துவக்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை தருவது அதன் முதல் வேலை. வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. ஆகவே பாதை போட்டாகிவிட்டது. தீவிர சிகிச்சையிலிருந்து வந்தவர் வீட்டு வாசல்வரை அந்தப் பாதையை நீட்டுவதுதான் பாக்கி.

இலுப்பூர் அடங்கிய விராலிமலைத் தொகுதியின் சட்டசபை உறுப்பினர் விஜயபாஸ்கரே 2013 முதல் 2021 மே வரை ராஜ்யத்தின் சுகாதார மந்திரியாக இருந்தார். பிறகு ஆட்சி மாறியது, மா. சுப்பிரமணியன் மந்திரியானார். மந்திரி எந்த ஊர், எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து ஏழையின் மூச்சு சீராவதில்லை. அமைப்பாகத் திரண்டு கேட்டால்தான் கிடைக்கும்.

நாம் கேட்பது இவை

ஒன்று: கணக்கு எடுக்கவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் யார் இருந்தார்கள் என்பது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கிறது. யாருக்குப் பணம் கட்டப்பட்டது என்பது காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கில் இருக்கிறது. அந்தப் பெயர்களை எடுத்து, கிராம சுகாதார நர்சு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மூன்றே கேள்வி கேட்கட்டும்: நடக்க முடிகிறதா? வேலைக்குப் போகிறீர்களா? ராத்திரி தூங்குகிறீர்களா?

இரண்டு: இலுப்பூர் போன்ற ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு நாள் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே ஒதுக்கவேண்டும். இயன்முறை மருத்துவரும் நெஞ்சுநோய் டாக்டரும் மனநல ஆலோசகரும் அன்று அங்கே இருக்கவேண்டும். வர முடியாதவர் வீட்டுக்கு அவர்கள் போகவேண்டும்.

மூன்று: நுரையீரல் ஊனத்தைச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கவேண்டும். அதுவரை, உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதை அளந்து ராஜ்ய சர்க்கார் உதவித்தொகை தரவேண்டும். ஊனமுற்றோருக்கு 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட 1,500 ரூபாயே போதாது. அதுகூடக் கிடைக்காமல் இவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

நான்கு: நோயிலிருந்து மீண்டு வரும் தொழிலாளிக்கு மில்லில் இலகுவான வேலை தரவேண்டும். தூசு குறைந்த பகுதியில், உட்கார்ந்து செய்யும் வேலையில் சில மாதம் வைக்கவேண்டும். பழைய வேகம் இல்லை என்று கணக்கை முடித்து அனுப்புவதைத் தடுக்கவேண்டும்.

ஐந்து: கொரோனாவோடு இதை நிறுத்தக்கூடாது. டெங்கு, மூளைக்காய்ச்சல், நிமோனியா என்று எந்த நோயாலும் தீவிர சிகிச்சைக்குப் போய் மீளுகிறவர் எல்லோருக்கும் இது உரிமையாகவேண்டும். நாளை புதிய வைரஸ் வந்தால் மறுபடி "குணமானவர்" என்று எழுதி ஏமாற்ற இடம் தரக்கூடாது.

தோழர்கள் செய்யவேண்டியது

சர்க்கார் கணக்கெடுக்கும் வரை நாம் கை கட்டியிருக்க வேண்டியதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் மில் தொழிற்சங்கங்களும் தங்கள் தெருவில், தங்கள் ஷிப்டில் இப்படிப்பட்டவர் யார் என்று கேட்டு எழுதட்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாளைக்கு உரிமை கோர அதுதான் பத்திரம். சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் "கொரோனா மிச்சம்" என்று விட்டுவிடாமல் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ச் சோதனை இலவசம். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் விடாத வலி இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலியோ, திடீர் மூச்சுத் திணறலோ, ஒரு கால் மட்டும் வீங்குவதோ கண்டால் அன்றே 108க்குச் சொல்லுங்கள்.

அந்தப் பெயர்களோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் புதுக்கோட்டைக் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். ஒற்றை ஆளாகப் போனால் மனு, கட்டோடு கட்டாகக் கிடக்கும். ஊராகத் திரண்டு போனால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அன்று தெருத் தெருவாகக் கைதட்டச் சொன்னார்கள், ஜனங்கள் தட்டினார்கள். வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். பட்டினி கிடந்து இருந்தார்கள். சொன்னதையெல்லாம் செய்த இந்த ஜனங்கள் இன்று திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உயிரைக் காப்பாற்றினீர்கள், நன்றி. அந்த உயிர் உழைத்து உண்ண வழி செய்யுங்கள். அதைச் செய்யும் வரை எவரையும் "குணமானவர்" என்று எழுத சர்க்காருக்கு உரிமை கிடையாது.